தண்ணீர் காட்டாத பஞ்சர்

செல்லக்கண்ணு ஊதிய டியூபை வலது கன்னத்தோடு சேர்த்து வைத்து, மெல்லத் திருப்பிக்கொண்டே போகிறார். கண்கள் மூடியிருக்கின்றன. சைக்கிள்காரர் ஏதோ கேட்டால் கையை உயர்த்திச் சும்மா இருக்கச் சொல்கிறார். சிறுவாச்சூர் மெயின் ரோட்டில் அவர் நடத்தும் பஞ்சர் கடையில் தண்ணீர்த் தொட்டியும் உண்டு. ஆனால் அது மற்றவர்கள் நம்புவதற்காக. "காது மொதல்ல சொல்லிடுங்க. அப்புறந்தான் தண்ணி சாட்சி சொல்லும்" என்பார்.

இருபது வருஷமாக இந்த வேலையைப் பார்த்தது இடது காது. மூன்று மாதமாக வலது காது தற்காலிக உத்தியோகம் பார்க்கிறது, அதுவும் அரைகுறையாக. இரண்டு சுற்று திருப்பியும் அது ஒன்றும் சொல்லாவிட்டால், டியூபைத் தொட்டியில் முக்கிவிட்டு, யாராவது கவனித்தார்களா என்று சுற்றுமுற்றும் பார்க்கிறார். பாவம், அந்தப் பார்வையைப் பார்க்க நமக்கே கஷ்டமாக இருக்கிறது.

சித்திரையில் ஒரு லாரி டயருக்குக் காற்று ஏற்றிக்கொண்டிருந்தபோது, அது அவருக்கு இடப்பக்கம் வெடித்தது. உடம்பில் கீறல் இல்லை. இடது காதிலிருந்து ஒரு சொட்டு ரத்தம், அவ்வளவுதான். ரோட்டில் திருவள்ளுவர் பஸ்கள் கனவில் போவதுபோலச் சத்தமில்லாமல் போயின. மனைவி வேம்பு ஊரே செய்வதைச் செய்தாள்: பூண்டு தட்டிப் போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி, இளஞ்சூட்டில் காதில் விட்டாள். நாலாம் நாள் சீழ் வந்தது.

திருச்சியில் காது டாக்டர் லீலாவதி நெற்றிக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "உள்ள இருக்கிற சவ்வு கிழிஞ்சிருக்கு. சீழுக்கு மருந்து தரேன். ஓட்டை பெரும்பாலும் தானா மூடிக்கும், மூணு மாசம் ஆகலாம். எண்ணெய் விடக் கூடாது, தண்ணி படக் கூடாது, மூக்கைப் பலமாச் சிந்தக் கூடாது."

"பஞ்சருங்களா?"

"பஞ்சர்தான்."

"ஒட்டு போட்டுற முடியாதுங்களா?"

"மூடலைன்னா காதுக்கு மேலேருந்தே கொஞ்சம் சவ்வு எடுத்து ஒட்டுவோம். மொதல்ல பொறுத்துப் பாப்போம்."

தானாக மூடிக்கொள்ளும் பஞ்சரை அவர் தொழிலில் கண்டதே இல்லை. தண்ணீர் காட்டக் கூடாத பஞ்சர் அதைவிட விநோதம். ஆனாலும் சொன்னபடி கேட்டார். குளிக்கும்போது வாஸ்லின் தடவிய பஞ்சைக் காதில் அடைத்துக்கொண்டார். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் நின்றது. ஒருநாள் தும்மியபோது காதுக்குள் 'உஸ்' என்றது. "ஏ வேம்பு, எனக்கே காத்து எறங்குதுடி!" என்று சிரித்தார். அவளும் சிரித்தாள். பிறகு, "நாந்தானே எண்ணெய ஊத்துனேன்" என்று அழுதாள்.

ஆள் வராத மத்தியானங்களில் அந்தக் காதுக்குள் ஒரு வண்டு ரீங்கரிக்கும். திங்களும் வெள்ளியும் காளி கோயிலுக்கு வரும் கூட்டம் எதிரிலேயே இறங்கினாலும், அவருக்கு அது எங்கோ தூரத்து ஊர்த் திருவிழாவாகக் கேட்கும். ஹாரன் எந்தப் பக்கம் என்று பிடிபடாமல் இருபுறமும் பார்த்துவிட்டுத்தான் ரோட்டைக் கடப்பார். வேம்பு திட்டும்போது, ஒரு காதில் வாங்கி மறு காதில் விடும் வசதி போய்விட்டதே என்று கேலி பேசுவார். வண்டு எப்போது அடங்கியது என்று அவருக்கே தெரியவில்லை.

நேற்று டாக்டர் பார்த்துவிட்டு, "மூடிடுச்சு" என்றார். கேட்டுக்கொண்டு வந்தவர், இன்று காலை முழுக்க டியூபை வலது காதிலேயே வைத்துப் பார்த்தார். மனிதருக்குப் பயம். ஓட்டை மூடிவிட்டது சரி, பழைய காது வந்ததா என்று யார் சொல்வது?

மத்தியானம் சோறு கொண்டுவந்த வேம்பு, "ஏன், இடது காதுல வெச்சுப் பாத்தா என்ன?" என்றாள்.

"பாக்கலாம், பாக்கலாம்."

அவள் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, பஞ்சர் பார்க்கக் கிடந்த ஒரு டியூபை ஊதி எடுத்து நீட்டினாள். அவர் வலது காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். வெளியே ஆடிக் காற்று தகரக் கூரையை ஆட்டிக்கொண்டிருந்தது. டியூப் இடது கன்னத்தருகே அரைச் சுற்று திரும்பியது, கொஞ்சம் பின்னால் போனது, நின்றது. கட்டைவிரல் ஓர் இடத்தில் அழுந்தியது.

வேம்பு தண்ணீர்த் தொட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள். கண்ணைத் திறக்காமலே, அவர் அதைக் காலால் அப்பால் தள்ளினார்.