முங்குவயலில் பதினேழாம் கல்

பதினேழாம் எண் போட்ட கல்லின் மேல் கையை வைத்துக்கொண்டு செல்லக்கிளி எதிரே நின்ற கருவேலஞ்செடியைப் பார்த்தாள். செடியின் கிளைகளில் காய்ந்த வைக்கோலும் செத்தையும் சிக்கிக் கிடந்தன. காற்று கொண்டுவந்து போட்டது என்று சொல்ல முடியாது. காற்று இப்படி ஒரே மட்டத்தில் கோடு இழுக்காது. பக்கத்தில் போய் நின்று பார்த்தாள். அவள் இடுப்புக்குச் சரியாக இருந்தது.

"செடிய என்னடி அளந்துக்கிட்டு நிக்கிற? கல்லப் பாரு. நமக்குன்னு நட்ட கல்லு" என்றாள் பாண்டிச்செல்வி. அவளுக்குப் பதினெட்டாம் எண். அலங்காநல்லூர் ரோட்டில் ஒரே வரிசை வீட்டில் பக்கத்துப் பக்கத்து அறைகளில் வாடகைக்கு இருப்பவர்கள். வீட்டுக்காரர் வரிசையை இடிக்கப் போகிறார். தீபாவளிக்குள் காலி செய்ய வேண்டும்.

தச்சனேந்தல் கண்மாய்க்குக் கிழக்கே பெரிய மனைப்பிரிவு ஒன்று வந்திருந்தது. அம்மாதிரி மனை போடுகிறவர்கள் ஒரு பங்கை ஏழைகளுக்கு ஒதுக்க வேண்டும் என்பது விதி. இருபது மனை ஒதுக்கினார்கள். ஊராட்சியில் மனுப் போட்டவர்களிலிருந்து இருபது பேரைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்தார்கள். ஆளுக்கொரு கல். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் கையெழுத்துப் போட்டால் மனை அவர்களுடையது. போடாவிட்டால் பேரை அடித்துவிடுவார்கள்.

இருபது மனையும் பள்ளத்தில் இருந்தன. ரோட்டை ஒட்டிய மேட்டில் விலைக்கு விற்கும் மனைகள். அவற்றின் முகப்பில் பூங்காவுக்கென்று வேலி கட்டிய நல்ல மேட்டு நிலம். கண்மாய் நிறைந்து மறுகால் போனால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று அந்தப் பெண்கள் இருவருக்குமே தெரியும். தாவணி போட்ட காலத்தில் இருவரும் அங்கே நாற்று நட்டவர்கள். அந்த வயலுக்கு ஒரு பேர் உண்டு. அன்று இருவருமே அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

செல்லக்கிளியின் புருஷன் சுருளி ஆறு வருஷத்துக்கு முன் சாரத்திலிருந்து விழுந்தவன். இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. அவனைப் பார்த்துக்கொள்ளத்தான் அவள் ஆறு மாதம் நோயாளி பராமரிப்புப் படித்தாள். இப்போது அதே வேலையைப் பசுமலையில் ஒரு வீட்டில் செய்கிறாள். காலை ஏழுக்குப் போனால் திரும்ப மாலை ஆறாகும். நடுவில் பாண்டிச்செல்விதான் கஞ்சி கொடுப்பாள்.

அவள் கணக்கு எளிமையானது. கட்டிலின் உயரம் இரண்டடிக்குக் குறைவு. செத்தை சிக்கியிருந்தது மூன்றடியில். சுருளி அறுபத்தெட்டுக் கிலோ. பெட்ஷீட்டில் போட்டு இரண்டு பெண்கள் தூக்கலாம், காய்ந்த தரையில் இருபது முப்பது அடி. கல்லிலிருந்து தார் ரோட்டுக்கு அவள் நடந்து எண்ணிப் பார்த்தாள். இருநூற்றுப் பத்து அடி. முழங்கால் தண்ணீரில் அது நடக்காது. அவள் பசுமலையில் இருக்கும்போது தண்ணீர் வந்தால் நினைக்கவே வேண்டாம். கால் நனைவதுகூட அவனுக்குத் தெரியாது. முதுகில் ஏறிய பிறகுதான் கூப்பிடுவான்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு ஊராட்சி ஓவர்சியர் அசோக்குமாரைப் போய்ப் பார்த்தாள். கெட்ட மனிதர் இல்லை. வரைபடத்தை விரித்துக் காட்டினார்.

"படத்துல ஓடையே இல்லக்கா. நாங்க வந்து பாத்தது சித்திரை மாசம். தரை பாளம் பாளமா வெடிச்சுக் கெடந்துச்சு."

"சித்திரையில வைகையிலயுந்தான் சார் தண்ணி இல்ல."

அவர் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தினார். "நீங்க சொல்றது நெசமாவே இருக்கட்டும். கூட்டத்துல எந்திரிச்சுச் சொன்னா என்னாகும் தெரியுமா? மனை போடுற கம்பெனிக்காரங்க, எடம் குடுக்காம அதுக்கு ஈடாப் பணத்தக் கட்டிட்டுப் போறோம்பாங்க. விதியில அதுக்கும் வழி இருக்கு. பணம் மெட்ராஸுக்குப் போயிரும். வீடு எந்த ஊர்ல, எந்த வருஷம் வருமோ! இருபது பேருக்கும் எடம் இல்ல. யோசிச்சுக்கங்க."

பேசினால் இருபது குடும்பத்தின் வாயில் மண். பேசாவிட்டால் ஐப்பசி மழையில் கட்டிலோடு புருஷன். வியாழக்கிழமை சுருளியைக் குளிப்பாட்டும்போது தண்ணீர் மொண்ட செம்பை ஊற்றாமல் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"என்னடி?" என்றான். சொன்னாள்.

"பரண் கட்டி என்னைய மேல ஏத்திப் போட்டுரு. சுண்டக்கா வத்தலோட வத்தலாக் கெடக்குறேன்."

"சிரிக்காதீங்க."

"சிரிக்காம? எனக்கு மட்டும் பயமில்லையா?" என்றான் சுருளி. அவன் அப்படிச் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

வெள்ளிக்கிழமை ஊராட்சி அலுவலகம் நிறைந்திருந்தது. தலைவர் நாகஜோதி நடுவில் உட்கார்ந்திருந்தார். கம்பெனி சார்பில் வந்த அழகுபாண்டி எல்லோருக்கும் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்திருந்தான். முதல் பேர் கூப்பிடும் முன்பே செல்லக்கிளி எழுந்தாள்.

"அது மறுகால் பாயுற எடம். பார்க்கு அங்க போடுங்க. பார்க்கு எடத்துல எங்கள வைங்க."

"மழைக்கே வழியக் காணோம், அக்காவுக்கு மறுகால் பாயுதாம்ல!" என்றான் அழகுபாண்டி. நாலைந்து பேர் சிரித்தார்கள். அவன் தலைவர் பக்கம் திரும்பினான். "எடம் வேணாம்னா வற்புறுத்தலம்மா. பணமாக் கட்டிர்றோம். எங்களுக்கும் ஒரு தொல்ல விட்டுச்சு."

சிரிப்பு நின்றது. பத்தொன்பது பேரும் செல்லக்கிளியைப் பார்த்தார்கள். பாண்டிச்செல்வி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"வாய மூடிக்கிட்டு ஒக்காருடி. ஒம் புருசனுக்காக எங்க குடியக் கெடுக்காத."

செல்லக்கிளி உட்காரவில்லை. "நீயும் நானும் நாத்து நட்ட அந்த வயலுக்கு என்னடி பேரு?"

பாண்டிச்செல்வி தரையைப் பார்த்தாள். அங்கே இருந்த எல்லோருக்குமே அந்தப் பேர் தெரியும். தான் சொன்னால் மனை போய்விடும் என்று ஒவ்வொருவரும் விழுங்கி வைத்திருந்தார்கள்.

"கேக்குறேன்ல, சொல்லு."

"முங்குவயல்" என்றாள் பாண்டிச்செல்வி, யாரையோ திட்டுவதுபோல.

தலைவர் நாகஜோதி பேனாவை மூடினார். "எங்க மாமனார் வித்த நெலம் அது. ரெண்டு போகமும் முங்குதுன்னுதான் வித்தாரு." அழகுபாண்டியைப் பார்த்தார். "பார்க்கு, ரோடு எடத்த எழுதிக் குடுக்குற தானப் பத்திரத்த ஊராட்சி வாங்காம ஒங்க முன்வரிச மனை ஒண்ணுகூட விக்க முடியாதுல்ல தம்பி? சர்வேயர் வந்து பழைய படத்த வச்சு அளக்கட்டும். அதுவரைக்கும் நான் வாங்கல. பணங்கட்டுற பேச்சும் அதுக்கப்புறந்தான்."

வெளியே வந்தபோது அழகுபாண்டி வண்டியைப் பக்கத்தில் நிறுத்தினான். "ஏறுங்கக்கா, எறக்கி விட்டுர்றேன். வீடு எந்தத் தெரு?" மரியாதையாகத்தான் கேட்டான். வீட்டை அவனுக்குக் காட்டக் கூடாது என்று அவள் எதிர்த் திசையில் நடந்து, தெரியாத ஒரு பஸ்ஸில் ஏறி, மூன்று நிறுத்தம் தள்ளி இறங்கினாள். அன்றிலிருந்து மூன்று வாரம், வாசலில் எந்த வண்டி நின்றாலும் தாழ்ப்பாளை ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள். பாண்டிச்செல்வி கஞ்சி கொடுப்பதை நிறுத்தவில்லை. பேச்சை மட்டும் நிறுத்திவிட்டாள்.

சர்வேயர் கொண்டுவந்த பழைய புலப்படத்தில் ஓடை இருந்தது. முன்வரிசை மனைக்கு முன்பணம் கொடுத்தவர்கள் நெருக்கியதால் கம்பெனி இறங்கி வந்தது. பூங்கா பள்ளத்துக்குப் போனது. ஏழைகள் மனை மேட்டுக்கு வந்தது. ஆனால் மேட்டில் பதினாறு கல்தான் நட முடிந்தது. இருபது பேருக்குப் பதினாறு. மறுபடி குலுக்கல்.

அசோக்குமார் பிளாஸ்டிக் வாளியில் சீட்டுகளைப் போட்டுக் கையால் கிளறினார். செல்லக்கிளி விரல் மடித்து எண்ணினாள். ஒன்பதாவது சீட்டில் பாண்டிச்செல்வி பேர் வந்தது. அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பன்னிரண்டு. பதினான்கு. பதினாறாவது சீட்டைப் பிரித்து, வேறொரு பேரைப் படித்துவிட்டு, அசோக்குமார் வாளியைக் கீழே வைத்தார்.

யாரும் அவளைப் பார்க்கவில்லை. பேர் வந்தவர்கள் கையெழுத்துப் போட மேஜையைச் சுற்றிக் கூடினார்கள். தீபாவளிக்குப் பதினெட்டு நாள் இருந்தது. செல்லக்கிளி கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேஜைக்குப் போனாள்.

"சார், வாளியில இன்னும் நாலு சீட்டு இருக்கு."

"அது காத்திருப்போர் பட்டியல்க்கா. யாராவது வேணாம்னா அதுலருந்து கூப்பிடுவோம்."

"எந்த வரிசையில கூப்பிடுவீங்க?"

"அது… பாத்துச் செய்வோம்."

"பாத்துச் செய்ய வேணாம் சார். அந்த நாலையும் இப்பவே எடுங்க. ஒண்ணு, ரெண்டுன்னு வரிசை போட்டு சீல் வச்சுக் குடுங்க. எம் பேரு நாலாவதா வந்தாலும் சரி."

அவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் வாளியைக் காட்டித் தலையசைத்தார். அசோக்குமார் குனிந்து கையை உள்ளே விட்டார்.