தண்ணீரில் நின்ற மாப்பிள்ளை

ராயபுரத்தில் பிறந்தவனுக்கு ஆறு என்றாலே கொஞ்சம் இளக்காரம்தான். அவ்வளவு பெரிய கடலை எதிரே வைத்துக்கொண்டு ஆறாவது குளமாவது என்று ஒரு திமிர். எனக்கு அது இன்னும் ஒரு சுற்று அதிகம். நான் ஹார்பர்காரன் வேறு. கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிக்கிற டாலி கிளார்க். கடலைப் பற்றி என்னிடம் யாரும் வாய் திறக்க முடியாது. அந்தக் கடலில் முழங்காலுக்கு மேல் நான் நனைந்ததே கிடையாது, நீச்சல் தெரியாது, படகில் ஏறினால் குமட்டும் என்பதெல்லாம் தனி விஷயம். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எனக்குப் பெண் அமைந்தது எண்ணூரில், ஆற்றங்கரைக் குப்பத்தில். ஒரே மகள், தாய் இல்லை. பெண் பார்க்கப் போன அன்றைக்கே மாமனாரிடம், இதுவா ஆறு, தண்ணீர் எந்தப் பக்கம் போகிறதென்றே தெரியவில்லையே என்று கேட்டு வைத்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். காலையில் வந்தால் ஒரு பக்கம் போகும், சாயங்காலம் வந்தால் இன்னொரு பக்கம் போகும் என்றார். நக்கல் செய்கிறார் என்று நினைத்து நான் பெரிதாகச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அவர் சொன்னது நிஜம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் அதன் பெயர் கொசஸ்தலை. கொற்றலை என்று சொல்கிறவர்களும் உண்டு. குப்பத்தில் வெறும் ஆறுதான். மேற்கே ஏரிகளின் உபரித் தண்ணீரையும் ஆந்திரப் பக்கத்து மலைத் தண்ணீரையும் சேர்த்துக்கொண்டு வருகிற அதைப் பூண்டியில் மடக்கி, நல்ல தண்ணீரை மெட்ராஸ்காரர்கள் குடிக்க எடுத்துக்கொள்வார்கள். மிச்சம் மீதியாக வருகிற ஆறு வயல்களுக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டு, மணலி ஓரமாக வந்து, மழைக்காலத்தில் சடையங்குப்பத்து வீடுகளுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு எண்ணூர் வந்து சேரும். வந்த இடத்தில் பக்கிங்காம் கால்வாயோடு கலந்து, கையையும் காலையும் நீட்டிப் படுத்துக்கொள்ளும். அதன் வாய் மட்டும் சின்னது. கோடையில் கடல் மணலைக் கொண்டுவந்து அந்த வாயை அடைத்துவிடும், குப்பத்து ஆட்கள் மண்வெட்டியோடு போய் வெட்டிவிட வேண்டும். வாய் திறந்திருந்தால் கடல் ஏறும்போது ஆறு மேற்கே போகும், கடல் இறங்கும்போது கிழக்கே போகும்.

பாதி நல்ல தண்ணீர், பாதி உப்புத் தண்ணீர் என்று இருந்தாலும் அந்த ஆற்றில் ஆளாளுக்கு ஏதோ ஒன்று கிடைத்தது. ஒரு காலத்தில் வெள்ளைக்கார துரைமார் கரையில் பங்களா கட்டிக் காற்று வாங்கியிருக்கிறார்கள். ஓரத்தில் உப்பளம் போட்டார்கள். சுண்ணாம்புச் சூளைக்குக் கிளிஞ்சல் வாரினார்கள். கால்வாயில் விறகு ஏற்றிய படகுகள் பாய் விரித்து வரும். நான் போன காலத்தில், எழுபதுகளின் தொடக்கம் அது, அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி எழும்பி நின்றது. கரி எரித்துக் கரண்டு எடுக்க அதற்கும் இந்தத் தண்ணீர்தான் வேண்டுமாம். குப்பத்துக்கு வேண்டியது இறால். பொம்பளைகள் தண்ணீரில் மண்டி போட்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவி இறால் பிடிப்பார்கள். கை இரண்டும் வேலையில் இருப்பதால், பறி என்கிற பனையோலைக் கூடையைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். என் வீட்டுக்காரி ஏழெட்டு வயதிலிருந்தே பறி கடித்தவள்.

வலை கட்டுவது ஆம்பளைகள் சமாச்சாரம். ஆற்றில் நல்ல இடங்கள் கொஞ்சம்தான், ஆட்கள் அதிகம். அதனால் முறை வைத்துக்கொள்வார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். உன் வீட்டுப் பாடு வரும் நாளில் உன் வீட்டு ஆம்பளை போய்க் கம்பு நட்டு, வலை கட்டி, இறங்குகிற தண்ணீர் ஓய்ந்து வலை தூக்கும்வரை அங்கேயே தண்ணீரில் நிற்க வேண்டும். நடுவில் கரையேறினால் அன்றைய பாடு போச்சு. வரிசையாகச் சில பாடு நிற்காமல் விட்டால் பங்கே போச்சு, அது வேறு வீட்டுக்குப் போய்விடும்.

கல்யாணமான மறு வருஷம் மாமனாருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. வாயும் கோணிக்கொண்டது. பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லை என்பதால் நாங்கள் ராயபுரத்து வாடகை ரூமைக் காலி செய்துவிட்டு எண்ணூருக்கே போய்விட்டோம். நான் அங்கிருந்து ரயிலில் வேலைக்குப் போய் வந்தேன். ஹார்பரில் என் தோஸ்துகள் ஒருத்தன் பாக்கி இல்லாமல் என்னை வீட்டோட மாப்பிள்ளை என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் ரோஷப்பட்டு, மாமனாரைக் காப்பாற்றவே போயிருக்கிறேன் என்று விளக்கம் சொல்வேன். தினமும் டிபன் கேரியரில் இறால் தொக்கு வந்ததால் யாரும் நம்பவில்லை.

படுத்த இடத்தில் மாமனாருக்கு ஒரே கவலை, பாடு. அது அவர் அப்பன், பாட்டன் நின்ற பாடு. அவர் விழுந்ததிலிருந்து யாரும் நிற்கவில்லை. அதை நினைத்து நினைத்து ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்வார். "வூட்டுல ஆளு இல்ல." அவர் பெண் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டிக்கொண்டிருப்பாள். கஞ்சியை விழுங்கிவிட்டு மறுபடியும் அதையே சொல்வார். அவள் வாயைத் துடைத்துவிட்டு அடுத்த கரண்டியை நீட்டுவாள். ஆம்பளைப் பிள்ளை இல்லாத குறைக்கு அவர் சொல்வது, சின்ன வயதிலிருந்தே கேட்ட வார்த்தை என்று ஒரு தடவை என்னிடம் சொன்னாள்.

ஒரு நாள் குப்பத்துத் தலைவர் வீட்டுக்கு வந்தார். மாமனாரோடு சேர்ந்து வலை கட்டியவர், சொல்லவே சங்கடப்பட்டார். வருகிற பாட்டையும் விட்டால் பங்கை வேறு வீட்டுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும், ஊர் பேசுகிறது என்றார். மாமனார் கூரையைப் பார்த்துக்கொண்டு, வூட்டுல ஆளு இல்ல என்றார். அந்த நேரம் நான் அதே வீட்டில், அவர் கட்டிலுக்கு எதிரே சம்மணம் போட்டு, மீன் குழம்பு ஊற்றி இரண்டாம் தடவை சோறு தின்றுகொண்டிருந்தேன். அந்தக் கவளம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை.

தண்ணீர் குடித்துவிட்டு, நான் நிற்கிறேன் என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். ஹார்பரில் மலை மாதிரி கப்பலையே கயிறு போட்டுக் கட்டுகிறோம், ஒரு வலை கட்ட மாட்டோமா என்று சேர்த்துக்கொண்டேன். கப்பல் கட்டுகிறவன் வேறு ஆள், நான் நிழலில் நின்று மூட்டை எண்ணுகிறவன். தலைவர் என் தொப்பையைப் பார்த்தார். வீட்டுக்காரி என் முகத்தைப் பார்த்தாள்.

அடுத்த பாடு வருவதற்குள் அவள் எனக்குச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தாள். வலையை எப்போது தூக்குவது என்பதுதான் முக்கியம், இறால் கடைசித் தண்ணீரில்தான் வந்து விழும், அவசரப்படாதே, நான் ஓரத்தில் இறால் தடவிக்கொண்டு இருப்பேன், என்னைப் பார்த்துத் தூக்கு என்றாள். எனக்குச் சுருக்கென்றது. பொண்டாட்டி ஜாடை காட்டி நான் வலை தூக்குவதா? ஹார்பரில் படகு ஓட்டுகிறவரிடம் போய் அன்றைக்குத் தண்ணீர் எப்போது இறங்கி முடியும் என்று விசாரித்து வைத்துக்கொண்டேன். பகல் சங்கு ஊதுகிற நேரம் என்றார். பெரிய ரகசியம் கிடைத்துவிட்ட மாதிரி வீட்டில் மூச்சு விடவில்லை.

பாடு வந்த அன்று கம்பு நடவும் வலை கட்டவும் அக்கம்பக்கத்து ஆட்கள் கை கொடுத்துவிட்டுக் கரையேறிவிட்டார்கள். நான் மட்டும் மார்பளவுத் தண்ணீரில். கால் வைத்த இடமெல்லாம் கிளிஞ்சல் குத்தியது, குத்தாத இடத்தில் சேறு உள்ளே இழுத்தது. தண்ணீர் கிழக்கே போகிற வேகத்தில் என் லுங்கியும் கிழக்கே போகப் பார்த்தது. ஒரு கையால் கம்பையும் இன்னொரு கையால் மானத்தையும் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏதோ ஒரு நண்டு என் கட்டை விரலோடு உறவு கொண்டாடியது. கொஞ்ச தூரத்தில், ஆழமில்லாத ஓரத்தில், பொம்பளைகள் வரிசையில் என் வீட்டுக்காரி பறியைக் கடித்துக்கொண்டு மண்டி போட்டிருந்தாள். கை சேற்றிலும் கண் என் மேலும்.

அனல்மின் நிலையத்தில் பகல் சங்கு ஊதியது. தண்ணீர் இறங்கி முடிந்தது என்று நான் முடிவு கட்டினேன். நிஜத்தில் அது முன்னைவிட வேகமாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் நான் கண்ணால் பார்த்ததை நம்பவில்லை, ஹார்பரை நம்பினேன். கடல் இறங்கி முடிந்தாலும், அவ்வளவு பெரிய ஆறு அந்தச் சின்ன வாய் வழியாகக் காலியாக இன்னும் நேரம் பிடிக்கும் என்று என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. கரையில் இருந்தவர்கள் பார்க்கட்டும் என்று கெத்தாக ஒரு பக்கத்து முடிச்சை அவிழ்த்து வலையைத் தூக்கினேன். உள்ளே நாலு பொடி நண்டு, கொஞ்சம் பாசி, ஒற்றைச் செருப்பு. அவ்வளவுதான். கரையில் ஒரு சிரிப்பு கிளம்பியது. என் மானம் அங்கேயே கப்பலேறிவிட்டது. அவமானத்தில் வேறொன்றும் தோன்றவில்லை, எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கரையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தேன்.

என் வீட்டுக்காரி அதற்கு முன்னாலேயே எழுந்து கையை ஆட்டியிருக்கிறாள். பறி பல்லில் இருந்ததால் கத்த முடியவில்லை. நான் கரைக்கு நடப்பதைப் பார்த்ததும் பறியைத் துப்பிவிட்டாள். காலையிலிருந்து பிடித்த இறாலோடு பறி கடலைப் பார்த்துப் போனது.

"யோவ், நில்லு! கால கரையில வெச்சே, எங்க நைனா பாடு போச்சு!"

நான் நின்றேன். முழங்கால் தண்ணீரில் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றேன். அவள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தாள், என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, தோளைப் பிடித்து நான் முதலில் நின்ற இடத்துக்கே இழுத்துப் போனாள். அவிழ்ந்த பக்கம் வலை சுழித்துக்கொண்டு ஓடியது. அதை எட்டிப் பிடித்து, முங்கி, கம்போடு சேர்த்துக் கட்டினாள். கரையில் சலசலப்பு. பொம்பளை எப்படிப் பாடு வலையில் கை வைக்கலாம், இந்தப் பாடு செல்லாது என்று சிலர் தலைவரிடம் போனார்கள். நான் தலைவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொல்கிற ஒரு வார்த்தையில்தான் கட்டிலில் கிடக்கிற மனுஷனின் உயிர் இருந்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"தண்ணில ஆம்பள நிக்கணும். அதானே முறை? அதோ நின்னுகினு கீறான். அப்புறம் இன்னா உங்களுக்கு பேஜாரு?"

என்னை ஆம்பளை என்று ஊர் கூடி ஒப்புக்கொண்டது அந்த ஒரு தடவைதான், அதுவும் நடப்பட்ட கம்புக்குச் சமமாக. தண்ணீர் உண்மையாகவே ஓயும்வரை அவள் வலையைப் பார்த்துக்கொண்டாள், நான் லுங்கியைப் பார்த்துக்கொண்டேன். அவள் தூக்கு என்று சொன்னபோது தூக்கினேன். தூக்க முடியவில்லை, அவ்வளவு கனம். சிரித்த ஆட்களே இறங்கி வந்து கை கொடுத்தார்கள். பிறகு வந்த பாடுகளிலும் இதே ஏற்பாடுதான். நான் போய் நிற்பேன், அவள் கட்டுவாள், அவள் தூக்கச் சொல்வாள். ஹார்பரில் என்ன கேட்டாலும் எங்கள் பாடு என்று நெஞ்சை நிமிர்த்துவேன்.

முதல் பாடு நின்ற அன்றைக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது மாமனார் வாசல் பக்கம் தலையைத் திருப்பிக் காத்திருந்தார். பாடு நின்றாச்சா என்று குழறிக் கேட்டார். அவள் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே, நின்றாச்சு நைனா, உன் மாப்பிள்ளைதான் நின்றார் என்றாள். இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் நான் பெருமை அடித்துக்கொண்டவன். சும்மா தலையை ஆட்டியிருந்தால் போதும். ஆனால் அவள் கையைப் பார்த்தேன். கயிறு இழுத்து உள்ளங்கை இரண்டும் உரிந்து கிடந்தது.

"நான் கம்பு மாதிரி நின்னேன் மாமா. பாடு நின்னது உங்க பொண்ணு."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். கோபம் வந்துவிட்டதோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. அப்புறம் நல்ல கையை நீட்டி அவள் கையைப் பிடித்து, பக்கத்தில் இழுத்துப் பார்த்தார். உரிந்த இடத்தைக் கட்டை விரலால் மெதுவாகத் தடவினார். வாய் கோணியிருந்தாலும் வார்த்தை சுத்தமாக வந்தது.

"வூட்டுல ஆளு கீது."

அவர் விழுந்த அன்றைக்குக்கூட அழாதவள் அவர் மார்பில் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். நானும் அழுதேன், அதில் எனக்கு வெட்கம் இல்லை. அவர் சொன்ன ஆள் நான் இல்லை என்று எனக்கு நன்றாகவே தெரியும். அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து எனக்குச் சோறு போட்டாள். தலைவர் வந்துபோன நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அந்த வீட்டில் சோறு எனக்குத் தொண்டையில் நிற்காமல் இறங்கியது.