கழற்றி மாட்டிய பம்பு

செஞ்சியில் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். புதுச் சாமான் கிடைக்காத பழைய வண்டிக்கு, ஓடாமல் நிற்கும் இன்னொரு வண்டியிலிருந்து கழற்றி மாட்டுவது எங்கள் தொழிலில் சகஜம். ஆள் உயிர் போன வண்டி என்றால் மட்டும் அந்த வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை கேட்போம். அவர்கள் வாயால் சொல்லாமல் ஸ்பேனரை எடுக்க மாட்டோம்.

என் மகன் போர்க்கப்பலில் இயந்திரப் பிரிவில் இருக்கிறான். நாசகாரி என்கிற வகை. அந்த வகைக் கப்பல்கள் எல்லாம் ஒரே மாதிரியில் வெளிநாட்டில் கட்டி வாங்கியவை. கட்டிய நாட்டிலேயே இப்போது அந்தப் பாகங்களைச் செய்வதில்லை. மற்றவை ஓய்வுபெற்றுவிட, இவனுடையது மட்டும் ஓடுகிறது. ஏதாவது பழுதானால், துறைமுகத்தில் கட்டிப்போட்டிருக்கும் பழைய கப்பலில் ஏறிக் கழற்றி வருவார்கள். முதலில் இதைக் கேட்டபோது, “நம்ம கடைதான்னு சொல்லு” என்று சிரித்தேன்.

போன மாதம் போனில் சொன்னான். “நைனா, கடல்தண்ணி பம்பு போயிடுச்சு. அந்தக் கப்பல்லேர்ந்து எடுத்து மாட்டியாச்சு.”

எந்தக் கப்பல் என்று நான் கேட்கவில்லை. இவனோடு பயிற்சிக்குப் போன அவலூர்பேட்டைப் பையன் அதில்தான் இருந்தான். எண்ணெய்க் குழாய் வெடித்துத் தீப்பிடித்தபோது, அணைக்கத் தண்ணீர் இறைத்த அந்தப் பம்பை விடாமல் ஓட்டியவன். தீ அணைந்தது. புகையில் அவன் போய்விட்டான். கதவைத் திறந்தபோதும் பம்பு ஓடிக்கொண்டிருந்ததாம்.

“அத எதுக்குடா தொட்ட?”

“நல்ல பம்பு நைனா. நீ கடையில கஸ்டமருக்கு இன்னா சொல்லுவியோ, அதத்தான் சொல்றேன்.”

மறுநாள் கப்பல் கிளம்பிவிட்டது. கடலுக்குள் போனால் சிக்னல் கிடையாது. தெருவில் எங்காவது மோட்டார் ஓடினாலே எனக்குக் கை நின்றுவிடுகிறது. பெல்ட் கேட்டவருக்கு பேரிங்கை எடுத்து நீட்டுகிறேன்.

கேட்காமல் கழற்றிவிட்டானே என்பதுதான் அறுத்துக்கொண்டே இருந்தது. நானாவது கேட்டுவிடலாம் என்று அவலூர்பேட்டைக்கு பஸ் ஏறினேன். பையனின் அம்மா வாசலில் மல்லாட்டை உரித்துக் கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

“வாண்ணா. பம்புக்குத்தான வந்த? உம்மவன் கழட்டறதுக்கு முன்னாடியே போன் பண்ணிக் கேட்டுட்டான். உன்ன மாதிரி லேட் பண்ணல.”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. “நீ இன்னாம்மா சொன்ன?”

“கழட்டிக்கோன்னேன்.” முறத்தை ஒருமுறை புடைத்துவிட்டுச் சொன்னார்: “எம்புள்ளயாண்டயும் சொல்லிட்டேன். அந்தப் பம்பு கூடவே போயிடுடா, அவன் தனியா இருக்கான்னு. நீ பயப்படாத.”

ஆறுதலாகத்தான் சொன்னார். ஒரு கைப்பிடி மல்லாட்டை கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

கப்பல் இன்னும் கரைக்கு வரவில்லை. மகனை நினைக்கும்போதெல்லாம் இப்போது பம்பின் பக்கத்தில் இரண்டு பேர் நிற்கிறார்கள். போய்விடப்பா என்று அந்தப் பையனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரு என்று சொல்லவும் பயமாக இருக்கிறது.