ஒரே விலாசத்துக்கு இரண்டு கவர்கள்

ஆஸ்பத்திரிப் பதிவு கவுண்டரில் சின்னவள் பன்னிரண்டு வருஷமாக உட்கார்ந்திருந்தாள். பேர், வயசு, உடம்புக்கு என்ன, எந்த டாக்டர் என்று கேட்டுக் கேட்டு, லாரி ஓட்டிக் களைத்து வருகிற புருஷனிடமும் வாசலிலேயே "உடம்புக்கு என்ன?" என்று கேட்டுவிடுவாள். அவளுக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த இரண்டு பேர் ஆவணப் பிரிவுக்குப் பதவி உயர்ந்து போய்விட்டார்கள். அவர்களிடம் முதுகலைப் பட்டம் இருந்தது. சின்னவளிடம் இருந்தது பொருளாதாரத்தில் நாற்பத்தாறு சதவீதம்.

அதே கல்லூரியில், அதே பாடத்தில், மூன்று வருஷம் முன்னால் முதல் வகுப்பு வாங்கியவள் அவள் அக்கா. "நீ அவ தங்கச்சியா?" என்று கேட்காத ஆசிரியர் கிடையாது. விடைத்தாளைத் திருத்திய பிறகு அந்தக் கேள்வியையே வேறு மாதிரிக் கேட்பார்கள். பட்டம் வாங்கிய வருஷமே அக்காவுக்குக் கல்யாணம் ஆயிற்று. மேலே படிக்கிற பேச்சைப் புகுந்த வீட்டில் யாரும் எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை.

தொலைதூரக் கல்வியில் டிகிரி பாஸ் ஆகியிருந்தாலே போதும், எம்.ஏ.வில் சேர்த்துக்கொள்வார்கள் என்று தெரிந்ததும் சின்னவள் அக்காவுக்குத்தான் போன் போட்டாள்.

"எனக்கு மண்டையில ஏறுமாக்கா?"

"ஏத்தறதுக்கு நான் இருக்கேன்ல. புக்கு வரட்டும்."

புத்தகங்கள் வந்தன. தினமும் மதியம் கவுண்டர் மூடியதும் அக்கா போனில் பாடம் நடத்துவாள். "நாப்பத்திரண்டாம் பக்கம் எடு. அந்தப் படத்தை விட்டுடு, கீழ இருக்கிற பத்தியைப் படி" என்பாள். அவளிடம் எப்படிப் புத்தகம் என்று கேட்டதற்கு, பழைய புத்தகக் கடையில் கிடைத்தது என்றாள். சின்னவள் நம்பினாள். கல்லூரியில் மூன்று வருஷம் மூட்டமாகவே இருந்த விஷயமெல்லாம் அக்கா வாயால் கேட்டதும் பளிச்சென்று விளங்கியது. "இவ்வளவுதானா?" என்பாள். "இவ்வளவேதான், மண்டு" என்று அந்தப் பக்கம் சிரிப்பு கேட்கும்.

முதல் வருஷப் பரீட்சை தொடங்கிய அன்று காலையில் குழந்தைக்குக் காய்ச்சல். புருஷன் வண்டியோடு வெளியூரில். பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்த பக்கத்து வீட்டு அம்மாள், "காய்ச்சல் குழந்தைன்னா எனக்குப் பயம்மா" என்று பின்வாங்கிவிட்டாள். ஹால் டிக்கெட்டைக் கையில் பிடித்தபடி சின்னவள் கண் கலங்கி நின்றபோது அக்கா படியேறி வந்தாள். இஸ்திரி போட்ட உடை, தோளில் பை. குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு பையை நாற்காலியில் வைத்தாள்.

"நீ கிளம்பு. நான் இருக்கேன்."

ஐந்து நாளும் அக்காதான் குழந்தையோடு இருந்தாள். ஐந்து தாளும் எழுதினாள் சின்னவள்.

அறுபத்திரண்டு சதவீதம் வந்தது. மதிப்பெண் பட்டியல் வாங்கக் கல்வி மையத்துக்குப் போனபோது, குமாஸ்தா இன்னொரு கவரையும் சேர்த்து நீட்டினார்.

"இதுவும் உங்க விலாசம்தானே? அந்தப் பேர்ல யாரும் இல்லைன்னு போன வாரம் தபால்ல திரும்பி வந்துடுச்சு. நீங்களே குடுத்துடுங்க."

கவரின் மேல் அக்கா பேர். விலாசம் சின்னவள் வீட்டினுடையது. படிக்கட்டிலேயே நின்று பிரித்தாள். அதே எம்.ஏ., அதே பொருளாதாரம். ஐந்து தாள்களுக்கு எதிரேயும் ஒரே வார்த்தை: வரவில்லை.

அன்றே அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கவரைப் பார்த்ததும் கை நின்றது.

"வீட்டுல தெரிய வேண்டாம்னுதான் உன் விலாசம் குடுத்தேன். புக்கையும் ஹால் டிக்கெட்டையும் மையத்துலயே நேர்ல வாங்கிக்கிட்டேன். அன்னைக்குப் போற வழியில உன்கிட்ட சொல்லிட்டு, சேர்ந்தே போய் எழுதலாம்னு வந்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாக்கா? நான் இருந்திருப்பேனே."

"இருந்திருப்பே. அதான் சொல்லல."

சின்னவள் பட்டியலை மறுபடி விரித்துப் பார்த்தாள். "மத்த நாலு நாள்? அதுக்காவது வேற யாரையாவது..."

அக்கா ஒரு சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"ரெண்டாம் நாளே காய்ச்சல் விட்டுடுச்சு. நான்தான் இன்னும் சுடுதுன்னு சொல்லிக்கிட்டிருந்தேன். பரீட்சை அவசரத்துல நீ தொட்டுப் பார்க்கல."

"ஏன்க்கா?"

"பதினஞ்சு வருஷமாச்சு, பேனா பிடிச்சு. உன்னைவிடக் குறைச்சலா வாங்கிட்டா?" அக்கா நிமிரவில்லை. "அந்த முதல் வகுப்பு ஒண்ணுதான் என்கிட்ட இருக்கு. அதுவும் போயிட்டா நான் என்ன பண்ணுவேன், சொல்லு."

சின்னவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. குழந்தையின் காய்ச்சலைச் சாக்குச் சொன்னாளே என்று கோபம். அந்தப் படிக்கட்டில் பையோடு ஏறி வந்தவள் மனசில் என்னென்ன இருந்திருக்கும் என்று நினைத்தபோது அந்தக் கோபம் நிலைக்கவில்லை. இத்தனை வருஷமும் தன்னை மட்டம் தட்டிய அளவுகோல் அக்காவுக்கும் ஒரு கழுத்துச் சுருக்காக இருந்திருக்கிறது. அது அவளுக்குத் தெரியவே இல்லை.

மறுவருஷம் அக்காவுக்காக விண்ணப்பத்தை நிரப்பிக் கொண்டுபோனாள். "வச்சுட்டுப் போ, பார்க்கறேன்" என்றாள் அக்கா. கடைசித் தேதி போயிற்று. போன் பாடமும் நின்றுவிட்டது. "இனிமே உனக்கே புரியும்" என்று சொல்லிவிட்டாள்.

இரண்டாம் வருஷத்தைச் சின்னவள் தட்டுத் தடுமாறித் தனியாகவே படித்தாள். புரியாத இடத்தில் போனை எடுப்பாள், வைப்பாள். ஐம்பத்தைந்து சதவீதத்தில் தேறினாள். ஆவணப் பிரிவில் இடம் கிடைத்தது. அக்காவிடம் சொன்னபோது, "சந்தோஷம்டி" என்று சொல்லி, குழந்தைக்கு விழுந்த பல் முளைத்துவிட்டதா என்று கேட்டாள்.

இன்றும் இருவரும் வாரத்துக்கு மூன்று முறை பேசிக்கொள்கிறார்கள். மாமியார் முழங்கால், குழந்தையின் பள்ளிக்கூடம், தண்ணீர் வராத குழாய் என்று எல்லாம் பேசுகிறார்கள்.

பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்று புருஷன் ஆணியும் சுத்தியலுமாக வந்தான். சின்னவள் சுத்தியலை வாங்கி அலமாரியில் வைத்தாள்.

"வேண்டாங்க. அக்கா வந்து போற வீடு."