பிச்சை முகம்மது நனைத்துப் பார்த்த மும்பைக் காளை

பங்குச் சந்தை பம்பாயில் இருப்பதாகப் புத்தகத்தில் போட்டிருப்பது சுத்தப் பொய். அது தளவாய்புரத்தில், நைட்டி கட்டிங் மாஸ்டர் பிச்சை முகம்மதுவின் மேசைக்கு அடியில்தான் படுத்திருக்கிறது. அவர் தும்மினால் சென்செக்ஸ் இருநூறு புள்ளி இறங்கும். மூக்கைத் துடைத்ததும் ஏறிவிடும். உலகப் பணக்காரர்கள் பல் விளக்குவதற்கு முன்னால் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது, "மாஸ்டர் இன்னைக்கு என்ன சொல்லுதாரு?"

இதையெல்லாம் நம்பிய ஒரே ஆள் மாஸ்டர்தான். அவர் மகள் ஜுவைரியா நம்பவில்லை. வயது பதினேழு. பத்தாவதில் கணக்கில் தவறியதோடு பள்ளிக்கூடத்தைத் தலைமுழுகிவிட்டு, வீட்டில் நைட்டி மடித்துப் பையில் போடுகிறவள்.

மாஸ்டர் குடியிருந்தது இணையத்தில், ஒரு முதலீட்டாளர் ஃபோரத்தில். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. ஒருவன் 'சந்தைச் சிறுத்தை', இன்னொருவன் 'கோடீஸ்வரன் தம்பி'. எல்லோரும் "இது பரிந்துரை அல்ல" என்று ஆரம்பித்து, "நாளைக்கே வாங்குங்கள்" என்று முடிப்பார்கள். மாஸ்டருக்கு அங்கே 'துணிந்தவன்' என்று பெயர்.

போன வருஷம் துணிந்தவன் துணிந்துவிட்டார். ஓவர்லாக் மிஷினுக்குச் சேர்த்த காசை, கோடீஸ்வரன் தம்பி சொன்ன உரக் கம்பெனியில் போட்டார். உரம் மண்ணோடு மண்ணாகிப் போனது. தம்பி தன் பழைய பதிவுகளை அழித்துவிட்டு, 'பொறுமைசாலி' என்று புதுப் பெயரில் வந்து நீதி போதித்தான். மாஸ்டரின் மனைவி அப்ரோஸ் பேகம் மட்டும், வீங்கின முழங்காலோடு நைட்டிக் கட்டைத் தூக்கிக்கொண்டு, ஓரம் அடிக்க நாலு தெரு தள்ளி அடுத்தவர் மிஷினுக்கு நடந்துகொண்டே இருந்தாள்.

அதிலிருந்து மாஸ்டர் ஒரு சட்டம் போட்டார். புதுத் துணி ரோல் வந்தால் ஒரு முழம் வெட்டி, உப்புத் தண்ணியில் ஊறப்போட்டு, சாயம் போகிறதா என்று பார்த்த பொறவுதான் அவர் கத்தரி வைப்பது வழக்கம்.

"டிப்ஸையும் நனைச்சுத்தான்ட்டி பாக்கணும். எவன், என்னைக்கு, எந்த வெலையில சொன்னான்னு நோட்டுல எழுதணும். மூணு மாசம் ஊறட்டும். கணக்குல தவறுன ஒனக்கு இதெல்லாம் வெளங்காது."

கடைசி வாக்கியம்தான் வினை. ஜுவைரியா அன்றைக்கே ஃபோரத்தில் 'மும்பைக் காளை' ஆனாள்.

கண்ணை மூடிக்கொண்டு பட்டியலில் விரலை வைத்தாள். வராகம் கெமிக்கல்ஸ் என்று எட்டு ரூபாய்ப் பங்கு அகப்பட்டது. "உள்ளே இருப்பவர் சொன்னது. தீபாவளிக்குள் எண்பது. இது பரிந்துரை அல்ல" என்று போட்டாள். சாயங்காலத்துக்குள் முந்நூறு பேர் அவளை 'குருவே' என்றார்கள். கணக்கு டீச்சர் இதைப் பார்த்திருக்க வேண்டும்.

புதன்கிழமை ஊரில் மாதாந்திர மின்தடை. மாஸ்டர் துணி எடுக்க ராஜபாளையம் போயிருந்தார். ஜுவைரியாவின் போனில் ரீசார்ஜ் இல்லை. வீட்டு வைஃபையும் செத்துக் கிடந்ததால், அவள் வேறு வழியில்லாமல் நாள் முழுக்க நைட்டி மடித்தாள். சாயங்காலம் கரண்டு வந்ததும் பார்த்தால், துணிந்தவன் காலையிலேயே கேட்டிருக்கிறார்: "ஐயா, நீங்கள் எப்போது வாங்கினீர்கள்? எப்போது விற்பீர்கள்?" காளை கம்பீரமாகப் பதில் எழுதியது: "மன்னிக்கவும், நாள் முழுக்க சந்தையில் மூழ்கியிருந்தேன்."

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து சோற்றில் கை வைத்த மாஸ்டர், அடுப்படிக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார்:

"மிஷினுக்கு மறுபடி சேத்த காசை திங்கக்கிழமை வராகத்துல போடப் போறேன்."

அப்ரோஸ் பேகம் குழம்புக் கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டு, அன்றைய கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு வாசலைத் தாண்டினாள். வலது காலை இழுத்து இழுத்துத்தான் வைத்தாள்.

"அத்தா, மூணு மாசம் ஊறணும்னு சொன்னீய?"

"காளை பெரிய ஆளுட்டி. அவரையெல்லாம் நனைக்கக் கூடாது."

ஜுவைரியா தட்டைத் தள்ளி வைத்தாள். மாஸ்டர் கை கழுவுவதற்குள் மாடிக்கு ஓடினாள். 'கருங்கரடி' என்று ஒருவன் ஃபோரத்தில் பிறந்தான். "காளை ஒரு பொய்யன். கம்பெனியைப் பற்றி அவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. துணிந்தவன் ஐயா, அந்தக் காசை வீட்டில் முழங்கால் வலிக்கிறவர்களுக்குச் செலவு செய்யுங்கள்." முந்நூறு சீடர்களும் கரடியைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். 'பொறாமை பிடித்தவன்' என்றார்கள். அவள் திட்டு வாங்கிக்கொண்டே மறுபடி மறுபடி எழுதினாள். இரண்டு நாளாக அவள் யாரையும் கேலி செய்யவில்லை. வீட்டில் காய்ச்சல் என்று நினைத்தார்கள்.

திங்கள் காலை லோடு வேன் வந்து நின்றது. டிரைவர் மாரீஸ்வரன் இறக்கியது ஒரு ஓவர்லாக் மிஷின்.

அப்ரோஸ் பேகம் மிஷினைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். "இதுக்கு எம்புட்டுப் பேச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வராகம் என்னாச்சு அத்தா?" ஜுவைரியா ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேட்டாள்.

மாஸ்டர் நோட்டை விரித்து அவள் மடியில் போட்டார். அவருடைய கோழிக் கிறுக்கலில் இப்படி இருந்தது:

'மும்பைக் காளை. புதன், காலை ஒன்பதிலிருந்து அஞ்சு வரை சத்தம் இல்லை. பம்பாயில் கரண்டு இருந்தது. தளவாய்புரத்தில் இல்லை.'

'கருங்கரடி. வெள்ளி, நான் சோறு தின்று கை கழுவின ஏழாவது நிமிஷம் பிறப்பு. நம்ம வீட்டு முழங்கால் வலி அவனுக்குத் தெரியும்.'

அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தார்: 'ரெண்டும் ஒரே ரோலில் வெட்டின துணி.'

"அப்ப வெள்ளிக்கிழமை சத்தமாச் சொன்னது?"

"உப்புத் தண்ணி" என்றார் மாஸ்டர். "கரடிக்குச் சாயம் போகலைட்டி. காளைக்குத்தான் போயிருச்சு. ஏ காளை, எந்திரி, ஒங்கம்மா மிஷினுக்கு எண்ணெய் போடு."