ஒரே ஒரு ரிங்

போன வாரம் முத்தியால்பேட்டையில் செல்போனுக்குப் புதுக் கண்ணாடி ஒட்டக் கொடுத்தேன். கடைக்காரர் திரையை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தார். அந்த வாசனை வந்ததும் நான் இரண்டடி பின்னால் போனேன். கூலியைக் கேட்டுப் பின்வாங்குகிறேன் என்று அவர் நினைத்திருப்பார்.

இரண்டு தெரு தள்ளி ஒரு மாடியில்தான் முன்பு நான் வேலை பார்த்த கிளினிக் இருந்தது. பாலியல் தொழிலுக்குப் போகிற பெண்களுக்கு அங்கே மாதாமாதம் ரத்தம் எடுத்து, நோய் ஏதும் தொற்றியிருக்கிறதா என்று பார்ப்பார்கள்; அது ஊருக்கே தெரியும். பத்தாவது படித்த எனக்கு அவர்களுடைய செக்கப் அட்டைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. முதல் மாதம் ஆணுறைப் பெட்டியைப் புடவைத் தலைப்பால்தான் தூக்குவேன். அங்கே வருகிறவர்களில் மூத்தவளான மேரியக்கா, "இன்னாம்மா, கடிச்சிருமா அது?" என்பாள்.

செக்கப் நாளில் நான் அவர்களுக்கு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு ரிங். யாரும் எடுப்பதற்குள் கட் செய்துவிட வேண்டும். வீட்டுக்குத் தெரியாமல் இருக்க அந்தப் பெண்களே செய்துகொண்ட ஏற்பாடு. அவர்களில் ஒருத்தியான செல்வியோடு குடித்தனம் நடத்திய ஆள், அவள் சேதராப்பட்டு கம்பெனிக்குப் போவதாக நம்பியிருந்தான். தினமும் டிபன் கேரியரோடு கிளம்புவாள். ரிசல்ட் கேட்கும்போது மட்டும் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள்.

அன்றைக்கு அவளுடைய போன் அவன் கையில் இருந்திருக்கிறது. முதல் ரிங்கிலேயே "யாரு?" என்றது ஆண் குரல். பேசாமல் வைத்திருக்கலாம். ஓர் ஆம்பளை அதட்டிக் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்கத் தெரியாத பிறவி நான். "முத்தியால்பேட்ட கிளினிக்குங்க, செல்விய ரத்த டெஸ்டுக்கு வரச் சொல்லுங்க" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

அரை மணியில் அவளை முடியைப் பிடித்து மாடிப்படியில் இழுத்து வந்தான். "இதாண்டி உன் கம்பெனி?" என்று அந்த டிபன் கேரியராலேயே அடித்தான். முதல் அடியில் மூடி திறந்து எலுமிச்சை சோறு சுவரெல்லாம் தெறித்தது. அடுத்ததில் புருவம் கிழிந்தது. விழுந்தவளை வயிற்றில் உதைத்தான். நான் மேசைக்கடியில் அவர்களுடைய அட்டைகள் இருந்த பெட்டியைக் கட்டிக்கொண்டு கிடந்தேன். காத்திருந்த பெண்கள்தான் எழுந்தார்கள். மேரியக்கா ஸ்டூலைத் தூக்கி அவன் முட்டியில் போட்டாள். மற்றவர்கள் செருப்பால் அடித்தே படியில் உருட்டிவிட்டார்கள். "அடுத்த மாசம் நீயும் வாடா, உனக்கும் பாக்கலாம்" என்றாள் மேரியக்கா, மூச்சிரைக்க.

கோரிமேடு ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ வருவதற்குள் நர்ஸ் ஸ்பிரிட் பஞ்சோடு வந்தார். செல்வி கையை நீட்டினாள். "இன்னைக்கு விட்டா எப்ப வருவேனோ, ரத்தம் எடுத்துடுக்கா. ஊசி கூட வேணாம், அதான் மூஞ்சில கொட்டுதே, புடிச்சிக்கோ."

பிறகு என்னைப் பார்த்தாள். "போன்ல பேசுனது யாருக்கா?"

"தெரியலம்மா" என்றேன்.

ரிசல்ட் வந்தது. ஒரு நோயும் இல்லை. கேட்டுக்கொள்ள அவள் வரவில்லை. எத்தனையோ மிஸ்டு கால் கொடுத்தேன், வரவேயில்லை.

அந்த மாடியில் இப்போது டியூஷன் நடக்கிறது. மிஸ்டு கால் கொடுக்கிற வழக்கமே ஒழிந்துவிட்டது. கண்ணாடி ஒட்டியதும், "அழுத்திப் பாருங்கம்மா, வேலை செய்யுதான்னு" என்றார் கடைக்காரர். செல்வியின் எண்ணை அழுத்தினேன். இத்தனை வருடம் கழித்தும் ரிங் போனது.

ஒன்று. கட் செய்துவிட்டேன்.