மன்னார்குடித் தண்ணீரில் ஒரு வேட்டி

வியாழன், காலை 7.40. மன்னார்குடி ரயில் நிலையத்தில் கால் வைத்ததும் மழை பிடித்துக்கொண்டது. கோவையிலிருந்து இரவெல்லாம் காலடியில் வைத்துக் காப்பாற்றி வந்த மூட்டை நனைந்தது. உள்ளே கடுக்காய்ப் பொடி, சாயம் பிடிக்கப் படிகாரம், சிவப்புக்கு மஞ்சிட்டி வேர். இயற்கைச் சாயம் போடக் கற்றுக்கொடுப்பது என் பிழைப்பு; மாதத்தில் பதினைந்து நாள் இப்படி மூட்டையோடுதான் போகிறது. ஐப்பசியில் டெல்டாவுக்குச் சாயப் பயிற்சி நடத்த வந்த புத்திசாலி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். "இந்த மழையில துணி எப்படிங்க காயும்?" என்று டிரைவர் கேட்டார். ஃபேன் இருக்கிறது என்றேன். "கரண்டு இருக்கணுமே" என்றார். போகிற வழியில் கடல் போல ஒரு குளம். ஹரித்ராநதி என்றார். குளத்துக்கு நதி என்று பேர் வைத்த ஊர்.

காலை 10. குளத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு சின்னக் கல்யாண மண்டபம். மகளிர் குழுத் தலைவி ஜெயந்தி பதினெட்டுப் பெண்களைச் சேர்த்து வைத்திருந்தார். சம்பா நடவு முடிந்து கொஞ்சம் ஓய்ந்திருக்கும் நேரம். பாதிப் பேர் விரல் நகத்தில் சேற்றுக் கறை இன்னும் போகவில்லை. ஆளுக்கொரு பழைய வெள்ளைத் துணி கொண்டுவரச் சொல்லியிருந்தேன். துவைத்துத் துவைத்துத் தேய்ந்த பருத்திதான் சாயத்தை நன்றாகக் குடிக்கும்.

கலைச்செல்வி கொண்டுவந்தது எட்டு முழ வேட்டி. நாற்பது வயதிருக்கும் அவருக்கு. மடிப்புக் கலையாமல் மடியிலேயே வைத்திருந்தார். விரிங்க என்றதும்தான் சொன்னார்.

"எங்க வீட்டுக்காரரோடதுங்க. தை மாசம் தவறிட்டாரு. மத்ததெல்லாம் காரியத்தப்பவே போயிடுச்சு, இது ஒண்ணு பீரோவுல கெடந்துச்சு. அப்பா வேட்டியில எனக்குத் தாவணி வேணும், செவப்பா போட்டுக் கொண்டான்னு பொண்ணு ஒத்தக் கால்ல நிக்கிறா. பிளஸ் டூ படிக்கிறா. செவப்பு வருமாக்கா?"

வேறு துணி கொடுத்து, அதில் பழகிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "மஞ்சிட்டி கைவிடாது, மாதுளை முத்து மாதிரி வரும்" என்று வாய் கூசாமல் சொன்னேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

தண்ணீரில் ஒரு சிட்டிகை கடுக்காய்ப் பொடி போட்டுப் பார்த்தேன். போகிற ஊரிலெல்லாம் முதல் வேலை அதுதான். கறுத்தால் தண்ணீரில் இரும்பு இருக்கிறது என்று அர்த்தம். அந்தத் தண்ணீர் ஆகாது. மண்டபத்துக் குழாய்த் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. மாலைக்குள் பதினெட்டுத் துணியையும் கடுக்காய்ச் சாற்றில் ஊறப்போட்டுப் பிழிந்து, ஃபேனுக்கடியில் கொடி கட்டிப் போட்டோம்.

வெள்ளி, காலை 9.30. எட்டு மணிக்கே போயிருக்க வேண்டியவள். அடுத்த மாதப் பயிற்சிக்கு யாரோ போனில் பிடித்துக்கொண்டார்கள். லாட்ஜிலேயே ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. மண்டபத்தில் நுழைந்தால் எல்லாம் தயார். அடுப்பு எரிகிறது, படிகாரம் கரைந்திருக்கிறது, துணிகளும் அண்டாவுக்குள்.

"வெளியூர்லேருந்து வந்தவங்க, உங்களை ஏன் செரமப்படுத்தணும்னு நாங்களே ஆரம்பிச்சுட்டோம்" என்றார் ஜெயந்தி, பெருமையாக.

அண்டாவை எட்டிப் பார்த்தேன். துணியெல்லாம் சிலேட்டுக் கறுப்பு.

"தண்ணி எங்கேருந்து பிடிச்சீங்க?"

"இன்னைக்குக் குழாயில வரலைங்க. பின்னாடி போர் தண்ணிதான். கொஞ்சம் துரு வாடை அடிக்கும், மத்தபடி நல்ல தண்ணிங்க."

கடுக்காய் ஊறிய துணியும் இரும்புத் தண்ணீரும் சேர்ந்தால் கறுப்பு மைதான். யார் மேல் எரிந்து விழ முடியும்? தண்ணீரைத் தினமும் சோதிக்க வேண்டும் என்று நான் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. சோதிக்க வேண்டியவள் லாட்ஜில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன்.

வெட்கக்கேடு அதற்குப் பிறகுதான். எல்லாப் பயிற்சியிலும் விடும் வசனத்தை எடுத்துவிட்டேன்: "சாயத்தில் தப்பு என்று ஒன்று கிடையாது, புது நிறம்தான்." கை தட்டினார்கள். கறுப்புத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு செல்ஃபி எடுத்தார்கள். கலைச்செல்வியும் சேர்ந்து சிரித்தார். கூட்டம் டீக்குக் கலைந்ததும் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"கறுப்பை எப்படிக்கா வயசுப் பொண்ணுக்குக் குடுக்கறது? அதுவும் அவங்க அப்பா வேட்டியில."

பகல் 12. பஜாருக்கு நானே ஓடி இருபது எலுமிச்சம்பழம் வாங்கி வந்தேன். புளிப்பு இரும்பை இளக்கும். ஆனால் பொறுமையாக, ஊறவிட்டுச் செய்ய வேண்டிய வேலை. எனக்கு ஏது பொறுமை? சாயந்தரத்துக்குள் சிவப்பாக்கிக் கையில் கொடுத்துவிட வேண்டும் என்ற வெறி. சாற்றைச் சூடாக்கினேன். கலைச்செல்வியின் வேட்டியை அதில் ஊறப்போட்டேன். கறுப்பு இறங்கி அழுக்குப் பழுப்பு ஆனது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று உள்ளங்கையால் தேய்த்தேன்.

மடிப்போடு கிழிந்தது. ஒரு முழ நீளம், நட்டநடுவில்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பதினாறு வருஷமாக இந்த வேலை செய்கிறேன், மாணவி முன்னால் அழுதது அதுதான் முதல் தடவை. கலைச்செல்வி என் கையிலிருந்து துணியை வாங்கி, வாளியில் பிடித்த மழைத் தண்ணீரில் அலசினார். பிழியவில்லை, சும்மா அமுக்கினார். "விடுங்கக்கா. எங்க ஊரு தண்ணி அப்படி. நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

மாலை 4.15. எனக்கு டிக்கெட் தஞ்சாவூரிலிருந்து. பஸ்ஸில் போனால் நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கலைச்செல்விக்கும் அதே பஸ்தான். வழியில் வடுவூரில் இறங்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்தார். ஈர வேட்டி பிளாஸ்டிக் பையில், மடியில். இரண்டு பக்கமும் வயல். இளம்பயிர் தண்ணீரில் மூழ்கி நுனி மட்டும் தெரிந்தது. இதே மாதிரி புது வேட்டி வாங்கி, சிவப்பாக்கி அனுப்பட்டுமா என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

"அது வேற வேட்டிங்களே" என்றார். கோபமே இல்லை குரலில்.

போன் அடித்தது. மகள். மழைச் சத்தத்தில் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினார். அந்தப் பெண் கேட்டது எனக்கும் கேட்டது.

"அம்மா, செவப்பு வந்துருச்சா?"

கலைச்செல்வி என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "வந்துருச்சுடி. ஈரமா இருக்கு, இப்பப் பாத்தா ஒண்ணும் தெரியாது. மழை விட்டதும் காயவச்சுக் காட்டுறேன்."

"நாளைக்கா?"

"மழை விடட்டும்டி."

வடுவூரில் இறங்கிக்கொண்டார். பையை மழைக்குக் காட்டாமல் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, எனக்குக் கையசைத்துவிட்டுப் போனார். தஞ்சாவூர் வரும்வரை பக்கத்துச் சீட்டில் யாரையும் உட்கார விடவில்லை நான்.

சனி, காலை. கோவையில் இறங்கினேன். எங்கள் ஊர்த் தண்ணீரில் நான் போட்ட சிவப்பு ஒருநாளும் பிசகியதில்லை. இனி அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வாய் வராது. ஸ்டேஷனுக்கு வெளியே பளிச்சென்று வெயில். மன்னார்குடிப் பக்கமும் மழை விட்டிருக்குமோ என்று பயமாக இருந்தது.